மெலீயில் சீக்கிரம் சாகாமல் இருப்பது எப்படி: டிஐ, ஏஎஸ்டிஐ, டெக்

2001 நவம்பரில் ஜப்பானில் நின்டெண்டோவின் கேம்க்யூபுக்கு வெளிவந்த சூப்பர் ஸ்மாஷ் ப்ரதர்ஸ் மெலீ என்ற சண்டை வீடியோ கேமில் ஹெல்த் பார் கிடையாது. அடி வாங்க வாங்கச் சதவீதம் ஏறும். சதவீதம் ஏற ஏற அடுத்த அடி இன்னும் தூரம் தூக்கியெறியும். திரைக்கு வெளியே இருக்கும் ப்ளாஸ்ட் ஸோன் என்ற எல்லையைத் தாண்டிவிட்டால் ஒரு ஸ்டாக், அதாவது ஒரு உயிர், போயிற்று. ஆக, சதவீதம் மட்டும் ஆளைக் கொல்வதில்லை. எந்தக் கோணத்தில் பறக்கிறீர்கள் என்பதும் சேர்ந்துதான் கொல்கிறது. அந்தக் கோணத்தில் உங்களுக்கும் பங்கு உண்டு. வேவ்டாஷ் (காற்றுத் தப்பலைத் தரையில் சறுக்கலாக்குவது), எல்-கேன்சல் (காற்றில் போட்ட அடியின் தரையிறங்கும் தாமதத்தைப் பட்டனால் குறைப்பது) எல்லாம் கைக்கு வந்தபிறகும் எதிராளியைவிட முந்தியே ஸ்டாக் இழக்கிறவர்களுக்காக எழுதியது இது.

ஹிட்லாக்: திரை உறையும் அந்த நொடித்துளி

அடி பட்டதும் இரண்டு பேரும் ஒரு கணம் அப்படியே உறைந்து நிற்பார்கள். அதுதான் ஹிட்லாக். கணக்கு எளிது: அடியின் டேமேஜை 3-ஆல் வகுத்து, 3 கூட்டி, பின்னத்தை விட்டுவிடுங்கள். மார்த் என்ற பாத்திரத்தின் வாள்நுனி ஃபார்வர்டு ஸ்மாஷ் (முன்பக்கம் போடும் பலத்த அடி) 20 டேமேஜ் என்றால் 9 ஃப்ரேம். இன்னொரு பாத்திரமான ஃபாக்ஸின் அப் ஸ்மாஷ் (மேல்நோக்கிய பலத்த அடி) 18 என்றால் அதுவும் 9. மின்சார அடிகளுக்கு மட்டும் இது ஒன்றரை மடங்கு.

ஆட்டம் நொடிக்கு 60 ஃப்ரேம் ஓடுகிறது. 9 ஃப்ரேம் என்பது 0.15 நொடி. கண்ணால் பார்த்து, மூளையில் முடிவெடுத்து, விரலை நகர்த்த அதைவிட அதிக நேரம் பிடிக்கும். அதனால் ‘அடி விழட்டும், பார்த்து டிஐ பண்ணலாம்’ (ஸ்டிக்கால் கோணத்தைத் திருப்பலாம்) என்பது நடக்காத காரியம். அடி விழுவதற்கு முன்பே, இந்த இடத்தில் இவர் எதை வைத்து என்னைக் கொல்லப்பார்ப்பார் என்று ஒரு பதில் உங்களிடம் இருக்க வேண்டும். கீழே வரும் எல்லா உத்திக்கும் இதுதான் அடிப்படை.

18 டிகிரியை முழுசாக வாங்குவது

டிஐ என்பது டைரக்‌ஷனல் இன்ஃப்ளுயன்ஸ். ஹிட்லாக் முடியும் ஃப்ரேமில் உங்கள் கன்ட்ரோல் ஸ்டிக் எங்கே இருக்கிறதோ அதை வைத்து வீசப்படும் கோணம் மாறும். அதிகபட்ச மாற்றம் 18 டிகிரி. மெலீயில் டிஐ வேகத்தைக் கூட்டாது, குறைக்காது. கோணத்தை மட்டும் திருப்பும்.

முழு 18 டிகிரியும் வேண்டுமானால் ஸ்டிக் பறக்கும் திசைக்குச் செங்குத்தாக, விளிம்பு வரை சாய்ந்திருக்க வேண்டும். பறக்கும் திசையிலேயோ அதற்கு நேரெதிராகவோ பிடித்தால் மாற்றம் பூஜ்யம். இடைப்பட்ட இடங்களில் அது சைன் மதிப்பின் வர்க்கத்தைப் பொறுத்தது. 45 டிகிரி பிசகினால் பாதி, அதாவது 9 டிகிரிதான் கிடைக்கும். 20 டிகிரி பிசகினாலோ இன்னும் 16 டிகிரி அளவுக்குக் கிடைக்கும். ஆகவே மயிரிழைத் துல்லியத்துக்குப் போராட வேண்டாம். பறக்கும் திசையின் எந்தப் பக்கம் என்பதில் மட்டும் தவறக் கூடாது. பக்கம் மாறினால் 18 டிகிரி கிடைக்காமல் போவதோடு நிற்காது. இன்னொரு 18 டிகிரி எதிர்ப்பக்கம் போய்விடும்.

ஒரு அடியை மட்டும் எடுத்துப் பிரித்துப் பார்க்கலாம். நீங்கள் பேட்டில்ஃபீல்ட் என்ற மேடையின் வலது ஓரத்தில் நிற்கிறீர்கள். இடப்பக்கமிருந்து மார்த் ஃபார்வர்டு ஸ்மாஷ் போடுகிறார். வலுவாக விழும்போது அது தரையில் நிற்பவரைச் சுமார் 44 டிகிரியில் வலப்பக்கம் மேலாக வீசும்.

- ஸ்டிக் மேல்-இடது மூலையில்: இதுதான் செங்குத்து. கோணம் 62 ஆகும். பக்கவாட்டு வேகம் ஏறத்தாழ 35 சதவீதம் குறையும்.
- ஸ்டிக் நேர் இடதில்: கோணம் 53-க்குச் சற்றுக் கீழே நின்றுவிடும். பக்கவாட்டு வேகம் 16 சதவீதம்தான் குறையும்.
- ஸ்டிக் கீழ்-வலதில்: கோணம் 26-க்கு இறங்கும். பக்கவாட்டு வேகம் 25 சதவீதம் ஏறும்.

பெரும்பாலோர் செய்வது இரண்டாவதுதான். மேடைப்பக்கம் போக வேண்டும் என்ற பதற்றத்தில் விரல் நேராக மேடையை நோக்கி இழுக்கும். உயிர் பிழைக்கிற வழி பாதியோடு நின்றுவிடும். கேம்க்யூப் கன்ட்ரோலரின் ஸ்டிக்கைச் சுற்றி எட்டு மூலை உள்ள வளையம் இருக்கிறதே, அதன் மேல்-இடது, மேல்-வலது பள்ளங்கள் இந்த வகை அடிக்கென்றே அமைந்தவை போல இருக்கும். பக்கவாட்டில் கொல்லும் அடி வரும் என்று தோன்றினால் கட்டைவிரல் அந்தப் பள்ளத்துக்குப் போகப் பழக்குங்கள். மேடைப்பக்கம், மேல்மூலை. இதை மனப்பாடம் செய்தாலே பாதி ஆட்டம் தேறிவிடும்.

மேலே தூக்கிக் கொல்லும் அடிகள் வேறு மாதிரி. நேர் 90 டிகிரியில் போகிறவரை 18 டிகிரி சாய்த்தால் மேல்நோக்கிய வேகம் 5 சதவீதம்தான் குறையும். அந்தச் சொற்பம்கூடச் சில சமயம் போதும், ஆனால் அதிசயம் எதிர்பார்க்க வேண்டாம். ஃபாக்ஸின் அப் ஸ்மாஷ் சரியாக 90 அல்ல, 80. இங்கேதான் பலரும் கோட்டை விடுவது. வீச்சு ஏற்கெனவே எந்தப் பக்கம் லேசாகச் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே ஸ்டிக்கைத் தள்ளினால் கோணம் 62-க்கு இறங்கி, மேல்வேகம் 10 சதவீதம் குறையும். எதிர்ப்பக்கம் தள்ளினால் 98-க்குப் போய், ஒன்றுமே குறையாது. தள்ளாமல் இருந்ததைவிடச் சற்று மோசமாகவும் இருக்கும். ‘சைடில் பிடி’ என்று பொதுவாகச் சொல்லிக்கொடுப்பார்கள். எந்த சைடு என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

கோணம் இறங்கினால் பக்கவாட்டு எல்லைக்குப் போய்விட மாட்டோமா என்று கேட்கலாம். மேடையின் நடுவில் இருந்தால் அந்தப் பயம் வேண்டாம். ஓரத்தில் நின்று ஓரப்பக்கமே சாய்ந்து பறந்தால் யோசிக்க வேண்டியதுதான்.

மேடைக்கு மேடை கணக்கு மாறும்

நீங்கள் போக வேண்டியது ப்ளாஸ்ட் ஸோனின் மேல்மூலையை நோக்கி. அதுதான் மிகத் தொலைவான புள்ளி. பேட்டில்ஃபீல்டில் நடுவிலிருந்து பக்க எல்லை 224 அலகு, மேல் எல்லை 200, மூலையோ 300. ஈர்ப்பு உங்கள் மேல்வேகத்தை ஃப்ரேமுக்கு ஃப்ரேம் தின்றுகொண்டே இருப்பதால், மூலைக்குக் கொஞ்சம் மேலே குறிவைத்தாலும் நஷ்டமில்லை. வேகமாக விழும் ஃபாக்ஸ், ஃபால்கோவுக்கு இது இன்னும் பொருந்தும். மெல்ல மிதக்கும் ஜிக்லிபஃபுக்குப் பொருந்தாது. எடையில் அவள் 60, ஃபாக்ஸ் 75, பவுஸர் 117. மேலே தூக்கும் அடி எதுவானாலும் முதலில் பலியாவது ஜிக்லிபஃப்தான்.

ட்ரீம் லேண்டில் மேல் எல்லை 250, பக்கம் சுமார் 255. அங்கே தாராளமாக மேலே போகலாம். யோஷிஸ் ஸ்டோரியில் மேல் 168, பக்கம் சுமார் 175, எல்லாமே நெருக்கம். போக்கேமான் ஸ்டேடியம்தான் ஏமாற்றும்: பக்கம் 230 என்று அகலமாக இருக்கும், மேலே 180-தான். பேட்டில்ஃபீல்டில் உயிர் காத்த அதே மேல்மூலை டிஐ இங்கே கூரையில் கொண்டுபோய் மோதவைக்கும். உயரமான ப்ளாட்ஃபார்மில் நிற்கும்போது அடி வாங்கினால் அந்த உயரத்தையும் கழித்துக்கொள்ளுங்கள்.

எஸ்டிஐ, இரண்டாவது ஸ்டிக்

ஹிட்லாக்கில் உறைந்து நிற்கும்போதே ஸ்டிக்கைப் புதிதாக ஒரு திசையில் தட்டினால் உங்கள் உருவம் 6 அலகு நகரும். இதுதான் எஸ்டிஐ (ஸ்மாஷ் டிஐ). பிடித்துக்கொண்டே இருந்தால் ஆகாது. ஒவ்வொரு முறையும் புதுத் தட்டல் வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த மூலைக்கு விளிம்போடு உருட்டினால் இரண்டாகக் கணக்காகும் என்பதால் கால்வட்டமாக உருட்டுவது வழக்கம்.

ஹிட்லாக் முடியும் ஃப்ரேமில் தானாகவே 3 அலகு நகர்வு ஒன்று கிடைக்கும். அது ஏஎஸ்டிஐ (ஆட்டோமேட்டிக் ஸ்மாஷ் டிஐ). இதற்கு ஸ்டிக்கைப் பிடித்திருந்தாலே போதும். கன்ட்ரோலரின் இரண்டாவது ஸ்டிக்கான சி-ஸ்டிக்கையும் ஒரு திசையில் பிடித்திருந்தால் ஏஎஸ்டிஐ சி-ஸ்டிக் சொன்னதைக் கேட்கும், டிஐ கன்ட்ரோல் ஸ்டிக் சொன்னதைக் கேட்கும். கோணத்துக்கு ஒரு கை, நகர்வுக்கு ஒரு கை.

எஸ்டிஐ அதிகம் பலன் தருவது பல அடியாக விழும் தாக்குதல்களில். ஃபாக்ஸின் அப் ஏர் (காற்றில் மேல்நோக்கிப் போடுவது) இரண்டு அடி: முதலில் 5, பிறகு 13. உயிரை எடுப்பது இரண்டாவது. முதலாவதின் ஹிட்லாக் 4 ஃப்ரேம்தான், ஒரு தட்டலுக்குத்தான் நேரம். அதையும் பார்த்துச் செய்ய முடியாது. அப் த்ரோ (பிடித்து மேலே வீசுவது) பிடியில் நீங்கள் மாட்டிய கணமே அடுத்தது அப் ஏர் என்று தெரியும். அப்போதே கை தயாராக இருக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு நல்ல தட்டல் விழுந்தால் இரண்டாவது அடி காற்றில் போகும்.

குனிந்து வாங்கினால்

குனிந்த நிலையில் அடி வாங்கினால் நாக்பேக் (தூக்கியெறியும் பலம்) மூன்றில் இரண்டு பங்காகும். நாக்பேக் 80-ஐத் தொட்டால் உருண்டு பறக்கும் நிலை வரும். குனிந்திருந்தால் அந்த வரம்பு 120-க்கு ஒப்பாக ஏறிவிடும். குறைந்த சதவீதத்தில் எதிராளியின் அடியைக் குனிந்து வாங்கி, அப்படியே திருப்பிக் கொடுப்பது மெலீயின் அன்றாடப் பழக்கம். டேமேஜ் முழுசாக ஏறும் என்பதும், பிடி விழுந்தால் குனிவது எதற்கும் உதவாது என்பதும் நினைவிருக்கட்டும்.

குனியாமலும் இதில் பாதியை வாங்கலாம். தரையில் நிற்கும்போது சி-ஸ்டிக்கைக் கீழே பிடித்திருந்தால், 80-க்குக் குறைந்த அடியில் ஏஎஸ்டிஐ உங்களைத் திரும்பத் தரைக்கே இழுத்துவரும். தரை தொட்டதும் மிச்ச ஹிட்ஸ்டன் (அடிக்குப் பின் எதுவும் செய்ய முடியாத நேரம்) போய், சாதாரணமாகத் தரையிறங்கியது போல எழுந்துவிடலாம். கை சும்மா இருக்கும்போது சி-ஸ்டிக்கைத் தட்டினால் டவுன் ஸ்மாஷ் பாய்ந்துவிடும். ஏற்கெனவே ஒரு அசைவு ஓடிக்கொண்டிருக்கும்போது தள்ளிப் பிடியுங்கள்.

இந்தப் பழக்கம் உயிரை வாங்குவது உயர்ந்த சதவீதத்தில். கன்ட்ரோல் ஸ்டிக் கீழேயே இருக்க, மார்த்தின் அந்த 44 டிகிரி அடி விழுந்தால், டிஐ உங்களை 35 டிகிரிக்கு இறக்கிப் பக்க எல்லைக்கு நேராக அனுப்பும். குனிதல் குறைத்துக்கொடுத்த நாக்பேக்கும் ஒரு கட்டத்துக்கு மேல் ஈடுகட்டாது. எந்த எதிராளியிடம் எத்தனை சதவீதத்தில் குனிவதை நிறுத்துவது என்று பாத்திரத்துக்குப் பாத்திரம் ஒரு எண் வைத்துக்கொள்ளுங்கள்.

டெக்: ஒரே முறை அழுத்துங்கள்

உருண்டு பறக்கும்போது தரை, சுவர், கூரை எதில் மோதினாலும், மோதுவதற்கு முந்தைய 20 ஃப்ரேமுக்குள் எல் அல்லது ஆர் பட்டனை அழுத்தியிருந்தால் டெக் ஆகும், அதாவது விழுந்து கிடக்காமல் உடனே சமாளித்துக்கொள்வீர்கள். மூன்றில் ஒரு நொடி தாராளம்தான். பிறகும் ஏன் தவறுகிறது? முந்தைய அழுத்தலிலிருந்து 40 ஃப்ரேம் ஆகாமல் மறுபடி அழுத்தினால் அது செல்லாது. பதறிப்போய் நாலு தட்டு தட்டுகிறவர் முதல் தட்டிலேயே வாய்ப்பைச் செலவழித்துவிடுகிறார். மற்ற மூன்றும் கதவை இன்னும் இறுக்கச் சாத்துகின்றன. அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பது இந்த ஒரு பட்டனுக்கு அச்சாகப் பொருந்தும்.

இன்னொரு காரணம் கண்ணுக்குத் தெரியாது. நீங்கள் காற்றில் ஒரு அடி போட்டு, தரையிறங்கும் நேரத்தில் எல்-கேன்சலுக்காக எல் பட்டனை முழுசாக அழுத்துகிறீர்கள். அதற்குள் எதிராளி உங்களை அடித்துவிடுகிறார். அந்த எல்-கேன்சல் அழுத்தலும் டெக் அழுத்தலாகவே பதிவாகிறது, 40 ஃப்ரேம் பூட்டு விழுகிறது. ‘சரியாகத்தானே அழுத்தினேன், கன்ட்ரோலர் சரியில்லை’ என்று புலம்புகிற இடம் பெரும்பாலும் இதுதான். தீர்வு: எல்-கேன்சலை இசட் பட்டனாலோ, கிளிக் விழாத மெல்லிய அழுத்தலாலோ செய்யுங்கள். இரண்டும் எல்-கேன்சலுக்குச் செல்லும், டெக்கைப் பூட்டாது. டெக்குக்கு மட்டும் கிளிக் விழும்வரை அழுத்துங்கள்.

டெக் செய்தபின் எங்கே போவது? நின்ற இடத்திலேயே எழுவது 26 ஃப்ரேம், அதில் 20 ஃப்ரேம் உங்களைத் தொட முடியாது. உருண்டு எழுவது 40 ஃப்ரேம், பாதுகாப்பு அதே 20-தான். இடம் மாறுவதற்கு விலையாகக் கடைசி 20 ஃப்ரேம் வெறும் உடம்போடு கிடக்கிறீர்கள். நல்ல எதிராளி அந்த 20-க்காகத்தான் காத்திருப்பார். ஓரத்தை நோக்கி உருளுவதையே வழக்கமாக வைத்திருந்தால் இரண்டாவது ஸ்டாக்குக்குள் கண்டுபிடித்துவிடுவார்.

டெக்கையும் கீழ்நோக்கிய ஏஎஸ்டிஐயையும் சேர்த்தால் அம்ஸா டெக். நெதர்லாந்தின் ஷீக் ஆட்டக்காரர் பெயரில் வழங்குவது. தரையில் நிற்கும்போது தாழ்வான கோணத்தில் பலத்த அடி விழப்போகிறது என்றால்: டெக் பட்டனை ஒரு முறை அழுத்துங்கள், சி-ஸ்டிக்கைக் கீழே பிடியுங்கள், கன்ட்ரோல் ஸ்டிக்கால் கோணத்தை இன்னும் தாழ்த்துங்கள். எழும்பிய கணமே தரை தட்டி டெக் ஆகிவிடும், பறக்கவே மாட்டீர்கள். ஃபாக்ஸின் அப் ஸ்மாஷ் போலச் செங்குத்தாகப் போகும் அடிக்கு இது பலிக்காது. தாழ்வான அடியிலும் டெக் தவறினால், நீங்களே தாழ்த்திவைத்த கோணம் உங்களை முன்னதாகவே கொன்றுவிடும். சாதாரண டிஐ பண்ணினாலும் பிழைக்க மாட்டோம் என்ற சதவீதத்தில் செய்தால் இழக்க ஒன்றுமில்லை. அதற்குக் கீழே யோசித்துச் செய்யுங்கள்.

லெட்ஜ் டெக்

வெளியே போனவர் திரும்பி லெட்ஜை, அதாவது மேடை விளிம்பை, பிடிக்க வரும்போது விழும் அடிதான் மிக அதிக ஸ்டாக்குகளைத் தின்பது. மேடையின் பக்கச்சுவர் அருகில் இருக்கிறது என்பதே உங்களுக்குச் சாதகம்.

சுவரை ஒட்டியே மேலேறுங்கள். ஒரு ஆள் அகலம் தள்ளி வந்தால் 3 அலகோ 6 அலகோ எட்டாது. எதிராளியின் அடி எப்போது விழும் என்று நினைக்கிறீர்களோ, அதற்குச் சற்று முன் எல் பட்டனை ஒரே முறை அழுத்துங்கள். ஸ்டிக்கை மேடைப்பக்கமே பிடித்திருங்கள், முடிந்தால் ஹிட்லாக்கில் மேடைப்பக்கம் ஒரு எஸ்டிஐ தட்டுங்கள். உடம்பு சுவரில் உரசியதும் டெக் ஆகும், 14 ஃப்ரேம் உங்களைத் தொட முடியாது. ஸ்டிக் மேலே இருந்தால் சுவரிலிருந்து குதிப்பீர்கள். சாதாரணமாகச் சுவர்க்குதி இல்லாத பாத்திரங்களுக்கும் டெக் மூலம் அது கிடைக்கும்.

எதிராளி உங்களை அடிக்காமல் ஒரு கணம் தாமதித்தால், நீங்கள் அழுத்திய 20 ஃப்ரேம் கழிந்து, பூட்டு காலத்தில் மாட்டுவீர்கள். தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே தாமதிப்பார்கள். அதனால் ஒவ்வொரு முறையும் டெக்கை நம்பி அடி வாங்கப் போகாதீர்கள். லெட்ஜைச் சரியாகக் கீழிருந்து எட்டினால் அடிக்கே இடமிருக்காது. டபுள் ஜம்ப்பை வெளியே போன உடனே செலவழிக்காமல் வைத்திருந்தால் நேரத்தை மாற்ற உங்கள் கையில் ஒன்று இருக்கும்.

கீழ்நோக்கி அடிக்கும் மீட்டியர் அடிகளுக்கு வேறு மருந்து: கேனன்டார்ஃபின் டவுன் ஏர் போன்றவற்றில் கொஞ்சம் விழுந்தபிறகு ஜம்ப்போ அப்-பியோ (ஸ்டிக் மேலே, பி பட்டன்) அழுத்தினால் வீழ்ச்சி நின்றுவிடும். இதிலும் முந்தி அழுத்திக்கொண்டே இருந்தால் பலிக்காது. ஃபால்கோவின் டவுன் ஏரோ என்டிஎஸ்சி (அமெரிக்க, ஜப்பானிய) பதிப்பில் 290 டிகிரியில் அடிப்பதால் மீட்டியராகக் கணக்கில் வராது, நிறுத்தவும் முடியாது. ஐரோப்பாவின் பிஏஎல் (PAL) பதிப்பில் அதை மீட்டியராக்கிவிட்டார்கள். போட்டிகளில் பெரும்பாலும் ஓடுவது என்டிஎஸ்சிதான்.

இதே வரிசையின் பிந்தைய கேமான அல்டிமேட் ஆடுகிறவர்கள் இதே எண்களை அங்கே கொண்டுபோக வேண்டாம். அங்கே டிஐ சுமார் 10 டிகிரிதான். ஸ்டிக்கை மேலே பிடித்தால் வீச்சு வேகம் கூடும், கீழே பிடித்தால் குறையும். மெலீயின் மேல்மூலைப் பழக்கம் அங்கே சில அடிகளில் எதிராகவே வேலை செய்யும்.

பயிற்சி

மெலீயின் சொந்த ட்ரெய்னிங் மோடில் சி-ஸ்டிக் கேமராவைத்தான் நகர்த்தும். அங்கே உட்கார்ந்து சி-ஸ்டிக் ஏஎஸ்டிஐ பழகினால் ஒன்றும் நடக்காது. இரண்டு கன்ட்ரோலர் செருகி வெர்சஸ் மோடில் பழகுங்கள், அல்லது ரசிகர்கள் உருவாக்கிய அங்கிள்பஞ்ச் ட்ரெய்னிங் மோட் போடுங்கள். அதில் எஸ்டிஐ, லெட்ஜ் டெக், அம்ஸா டெக் மூன்றுக்கும் தனித்தனிப் பயிற்சிகள் இருக்கின்றன.

முதல் வாரம் ஒன்றே ஒன்று: மார்த்தின் ஃபார்வர்டு ஸ்மாஷுக்கு மேடைப்பக்க மேல்மூலை. நண்பர் ஒருவரை மேடையின் இரு ஓரத்திலும் மாறி மாறி அடிக்கச் சொல்லுங்கள். பக்கம் மாறும்போது கட்டைவிரல் தானாக எதிர்மூலைக்குப் போகிறதா என்று பாருங்கள். அடுத்து ஃபாக்ஸின் அப் ஸ்மாஷ், சாய்வின் பக்கம். இந்த இரண்டும் கலந்து வரும்போதும் தடுமாறாமல் பிரித்துப் பிடிக்க முடிந்தபிறகு சி-ஸ்டிக்கைச் சேருங்கள். டெக் அதற்கும் பிறகு. மெலீயை இணையத்தில் ஆட உதவும் ஸ்லிப்பியில் ஆடினால் ரீப்ளே சேமிக்கப்படும். நீங்கள் செத்த ஒவ்வொரு ஸ்டாக்கின் கடைசி அடியையும் நிறுத்திப் பாருங்கள். எந்தப் பக்க எல்லையில் செத்தீர்கள், மூலைக்கு எவ்வளவு தள்ளி என்று குறியுங்கள். பத்து ஆட்டம் குறித்தால் ஒரே அடிக்கு ஒரே தப்பைத் திரும்பத் திரும்பச் செய்திருப்பது தெரியும். அடுத்த வாரத்துக்கு அந்த ஒரு அடியை எடுத்துக்கொள்ளுங்கள்.